வலையில் விட்ட வழி

லொரீனா எட்சிட்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் பார்த்துக் கதவைத் திறக்கும்வரை வந்தவர் வண்டியிலேயே காத்திருப்பது எங்கள் பக்கத்து மரியாதை. ஆனால் ஐரீன் அட்டகாய் கதவைத் திறந்து, வாசலில் நின்று இரண்டு தடவை கையசைத்த பிறகும் அவள் இறங்கவில்லை.

"மதினி, வந்தவ ஸ்டீயரிங்ல தலையை வச்சு அழறா" என்றாள் வெர்னா, ஜன்னல் திரையை விலக்கி.

"தெரியுது. அழுது முடிக்கட்டும். நீ திரையை விடு."

வெர்னா திரையை விடவில்லை. அவள் ஐரீனுக்குத் தாய்மாமன் மகள். சின்லேயில் சலவைக்கடை வைத்திருந்தாள். ஐரீன் வீட்டு வாசலில் யாராவது முகம் வாடி வந்து நின்றால் போதும், கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்துவிடுவாள். ஐரீன் நேர் எதிர். முப்பது வருடம் கால்நடை அதிகாரியாக இருந்து, மாட்டு முதுகிலும் ஆட்டுக் காதிலும் இருக்கும் அடையாளத்தைப் பார்த்தே எது யாருடையது என்று தீர்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் அவளை விடவில்லை. மாடு தொலைந்தாலும் வந்தார்கள், மனைவி தொலைந்தாலும் வந்தார்கள்.

லொரீனா உள்ளே வந்து, காபியைத் தொடாமல், சொல்ல ஆரம்பித்தாள்.

"கேலப்ல ஹார்க்கர் கடைக்குக் கம்பளம் விக்கப் போனேன் அக்கா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. வெள்ளிச் சிலந்தி, வலையோட. எம் பொண்ணோடது."

"நல்லாப் பார்த்தியா?"

"எப்படிப் பார்ப்பேன்? கம்பளத்தை அங்கேயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். மண்ணுக்குள்ள போனது அக்கா அது!"

வெர்னாவின் கை தானாக வாயைப் பொத்தியது. லொரீனாவின் மகள் ஏப்ரலில், மணற்காற்றில் எதிரே வந்த லாரி தெரியாமல், போய்ச் சேர்ந்தவள். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் எழுதப் போவதில்லை. போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவைப் போலவே கம்பளம் நெய்தவள். முதல் கம்பளத்தைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த நாளில், வெள்ளி வேலை செய்யும் அப்பா ஹாரிசன் அவளுக்கு அந்தச் சிலந்தியை வார்த்துக் கொடுத்தார். நெசவுக்குத் தாய் சிலந்திதான் என்பதால் கொடுத்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனவளின் நெஞ்சில் அதைக் குத்தித்தான் அனுப்பினார்கள்.

"அவளை வச்ச இடம் தெரிஞ்சவங்க ரெண்டே பேர்" என்றாள் லொரீனா. "எம் புருஷன், அப்புறம் மருமகன் டெல்பெர்ட். என் வீட்டுக்காரர் செத்த முயலைத் தாண்டினாக்கூடக் குளிச்சிட்டுத்தான் உள்ள வருவாரு. டெல்பெர்ட் ஃபீனிக்ஸ்ல வளர்ந்தவன், சர்ச்சுக்காரன். அவனுக்கு அந்தப் பயமே கிடையாது. வேற யாரு தோண்டியிருப்பா?"

"அவன் என்ன சொல்றான்?"

"'நான் எடுக்கலை'ங்கறான். அதுக்கு மேல வாயே திறக்க மாட்டேங்கறான். ஞாயித்துக்கிழமை எங்க அக்கா தங்கச்சியெல்லாம் கூடறோம். பிள்ளை தாய்வழியா எங்க குலத்துப் பிள்ளை. அவன்கிட்டேயிருந்து வாங்கிடப் போறோம். குழியைத் தோண்டின கை எம் பேத்தியைத் தூக்கக் கூடாது."

"முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்தே?"

லொரீனா கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "அவன் பிள்ளையைக் கீழ வைக்கவே மாட்டேங்கறான் அக்கா. அதை எப்படிப் பிடுங்குவேன்? நீ போய் அது அவளோடதுதான்னு பார்த்துச் சொல்லிடு. நான் மனசைக் கல்லாக்கிக்கறேன்."

குழியைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம். ஆனால் அந்த நிமிடத்துக்கு எங்கள் ஜனங்களில் ஆள் கிடைக்காது.

"அந்த வலையில வழி உண்டா?" என்று ஐரீன் கேட்டாள்.

"ஹாரிசன் வழி விடாம எதைச் செஞ்சிருக்காரு? நான் கம்பளத்துல விடற மாதிரிதான். ஓரத்துல ஒரு இழை அறுந்து நிக்கும்." செய்கிறவர் மனசு செய்த பொருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர ஒரு வழி, நெய்கிறவர்கள் எல்லோரும் விடுவார்கள்.

"பட்டறைக்கு யார் யார் போவாங்க?"

"யாரும் போறதில்லை. குளிர்காலம் பூரா அவருக்கு முழங்கால் ஆபரேஷன், ஆல்புகர்க்கில கிடந்தாரு. எம் பொண்ணுதான் வயித்துப் பிள்ளையோட போய் அடுப்பு மூட்டிட்டு வருவா, குழாய்த் தண்ணி உறையாம இருக்க. அவ போனப்புறம் அவரும் ஜூன் வரைக்கும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை."

ஐரீன் ஆறின காபியைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் கேலப் போகிற வழியெல்லாம் வெர்னா வழக்கை முடித்துக்கொண்டே வந்தாள். "டெல்பெர்ட்தான் மதினி. பயமில்லாதவன்தானே தோண்டுவான்? இதுக்குப் போய் இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவு."

"சலவைக்கு வந்த சட்டையில கறை இருந்தா யாரோடதுன்னு நீ பார்க்க மாட்டியா? துவைச்சுக் காயப்போட்டுட்டுத்தான் பேர் கேப்பியா?"

வெர்னா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பத்து மைல் போனதும் அவளே இறக்கிக்கொண்டாள்.

ஹார்க்கர் தடித்த மனிதர். எங்கள் வெள்ளியை விற்றே மூன்று தலைமுறையாக வயிறு வளர்த்த குடும்பம். பெட்டிக்குள் சிலந்திக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: 'சிலந்திப் பாட்டி. செய்தவர் ஹாரிசன் எட்சிட்டி.'

"பின்னாடி அவர் முத்திரை இருக்கு, பாருங்க" என்றார் ஹார்க்கர். "ஒரு பையன் கொண்டு வந்தான். ஒல்லியா, கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டு. ஜூன் மாசம். நின்னு நிதானமா சிலந்திப் பாட்டி கதை முழுக்கச் சொன்னான். அதைக் கேட்டுத்தான் அட்டை எழுதினேன்."

"கறுப்புத் தொப்பி!" என்று வெர்னா ஐரீனின் விலாவில் இடித்தாள். "டெல்பெர்ட்!"

ஐரீன் அவசரப்படவில்லை. "ஜூன்ல கதை சொன்னானா? உறைபனி விழறதுக்கு முன்னாடி எங்க ஜனங்க அந்தக் கதைக்கு வாயைத் திறக்க மாட்டாங்களே, ஹார்க்கர். சிலந்தி வெளிய நடமாடற காலம்."

கோடையில் அது சொல்லப்படாது. நான் இதை எழுதுவதும் கோடையில்தான். அந்தக் கதை எங்கே என்று இதில் தேட வேண்டாம்.

"அவன் சர்ச்சுக்காரன் மதினி" என்றாள் வெர்னா விடாமல். "அவனுக்கு ஜூனும் ஒண்ணுதான் ஜனவரியும் ஒண்ணுதான்."

"சரி, வழக்கம் பார்க்காதவன்னே வை. ஆனா பாட்டின்னு சொல்வானா? பாட்டின்னு கூப்பிடறது பக்கத்துல இருக்கற ஹோப்பி ஜனங்க. நம்ம பக்கம் நெய்யறவங்க வாயில அவ சிலந்திப் பெண். டெல்பெர்ட் பொண்டாட்டி தறியில உக்காந்து நாள் பூரா அவளைக் கூப்பிட்டுக்கிட்டேதான் நெய்வா. நல்லதோ கெட்டதோ, அவன் காதுல விழுந்த பேர் அதுதான்." ஐரீன் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அந்தக் கதையை நீங்க புத்தகத்துல படிச்சீங்க. அதுவும் பக்கத்து ஊர்க்காரங்க புத்தகம். எந்தப் பையனும் உங்ககிட்ட வரலை."

ஹார்க்கரின் முகத்தில் நிறம் மாறியது. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குரல் இறங்கியது. "காலையில கடை திறக்க வந்தேன். வாசல்ல ஒரு காபி டப்பா. ஆளைக் காணோம். யார்கிட்ட வாங்கினேன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணாமா? அதான் ஒரு தொப்பியை மாட்டிவிட்டேன்."

"நீங்க மாட்டிவிட்ட தொப்பி ஒருத்தன் தலைக்குச் சரியாப் பொருந்திருச்சு" என்றாள் ஐரீன். அவள் குரல் உயரவில்லை, ஆனால் வெர்னாவுக்கு அவள் கோபம் தெரியும். "டப்பாவுல வேற என்ன இருந்துச்சு?"

"சாம்பல். டப்பா நிறைய. அதுக்குள்ள புதைச்சு வச்சிருந்துச்சு. வலையில புகுந்ததைத் தேய்ச்சு எடுக்கவே ஒரு பகல் ஆச்சு. இன்னும் வேலை இருக்கு. பின்னாடி ஊசி உடைஞ்சு போயிருக்கு, புதுசா வைக்கணும்."

ஐரீன் கையை நீட்டினாள். ஹார்க்கர் மறுபேச்சில்லாமல் வைத்தார். வெர்னா மூன்று அடி பின்னால் போய்விட்டாள். ஐரீன் அதைத் திருப்பி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள்.

"மதினி!" என்று வெர்னா அலறினாள். "பிணத்து மேல கிடந்ததை!"

"வண்டியில ஏறு."

"என் வண்டியில அது வராது!"

"அப்போ நீ நடந்து வா. நாங்க ரெண்டு பேரும் வண்டியில வர்றோம்."

வெர்னா ஏறினாள். கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வந்தாள்.

ஊர்க் கூட்டம் நடக்கும் கட்டிடத்தில் போன வருடத் திருவிழாப் படங்கள் மாட்டியிருந்தன. லொரீனாவின் மகள் கம்பளத்துக்குப் பரிசு வாங்கிய படத்தின் மேல் யாரோ மாட்டுத் தீவன விளம்பரத்தை ஒட்டி மறைத்திருந்தார்கள். கழற்றி எறியவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை. ஐரீன் விளம்பரத்தின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே அந்தப் பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் சிலந்தி.

"வலையில வழி எந்தப் பக்கம் இருக்கு?"

வெர்னா விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். "வலது. என் சோத்துக்கைப் பக்கம்."

ஐரீன் பையிலிருந்ததை எடுத்துக் காட்டினாள். அதில் வழி இடது பக்கம் இருந்தது. மற்றபடி அதே எட்டுக் கால், அதே வலை, அளவு மட்டும் கொஞ்சம் சின்னது.

"படத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்களோ?"

"பின்னால பேனர்ல எழுத்து நேராத்தானே இருக்கு."

வெர்னா எழுத்தைப் படித்தாள். விரலை விலக்கினாள். "அப்போ இது அது இல்லையா?"

"இது அது இல்லை. அது இருக்கற இடத்துல நிம்மதியா இருக்கு."

சனிக்கிழமை மத்தியானம் லொரீனா வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஹாரிசன் அடுப்புக்குப் பக்கத்தில், வலிக்கும் காலை நீட்டி. லொரீனா தறிக்கு முன்னால், மருமகனுக்கு முதுகைக் காட்டி. டெல்பெர்ட் உட்காரச் சொல்லாததால் கதவருகிலேயே நின்றான். குழந்தையைத் தொட்டில் பலகையில் வைத்து வாரால் கட்டி, பலகையோடு மார்பில் அணைத்திருந்தான். உள்ளே வரும் முன்னே தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தான். கறுப்புத் தொப்பிதான், எங்கள் ஊரில் யார்தான் அதைப் போடவில்லை?

"கடைக்காரன் யாரையும் பார்க்கலை" என்று ஐரீன் ஆரம்பித்தாள். "அவன் சொன்ன பையன் பொய். டப்பா வாசல்ல கிடந்துச்சு, வச்சவன் விலைகூட வாங்கலை. குழியைத் தோண்டித் திருடினவன் சும்மா வச்சுட்டுப் போவானா? அவன் இதை விக்க வரலை. இதுகிட்டேயிருந்து தப்பிக்க வந்தான். டப்பா நிறையச் சாம்பல். சாம்பல் எதுக்கு? போனவங்க அண்டாம இருக்க. பயமில்லாதவன்தான் இதைத் தொட்டிருப்பான்னு எல்லாரும் சொன்னீங்க. இதைத் தொட்டவன் இந்த ரூம்லயே ரொம்பப் பயந்தவன்."

லொரீனா மெதுவாகத் திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள்.

ஹாரிசன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஜூன்ல பட்டறையைத் திறந்தேன்" என்றார் கடைசியில். "முத்திரை வைக்கிற இழுப்பறைக்கு அடியில இருந்துச்சு. அவ கம்பளி நூல்ல சுத்தி. பிரிச்சேன். ரெண்டு கால் தெரிஞ்சுது. அதுக்கு மேல பார்க்க முடியலை, டப்பாவுல போட்டுச் சாம்பலைக் கொட்டி, ராத்திரியே அந்தக் கடை வாசல்ல வச்சுட்டு வந்துட்டேன். என் கையால அவ நெஞ்சுல குத்தினது, ஐரீன். என் கையால!"

"திரும்பவும் எங்கேயாவது புதைச்சிருக்கலாமே மாமா" என்றாள் வெர்னா.

"மண்ணுக்குள்ள போட்டதுதானேம்மா திரும்பி வந்துச்சு."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" லொரீனா எழுந்துவிட்டாள். "இந்தப் பையனை நான் என்னவெல்லாம் பேசினேன்! நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

"சொன்னா எம் பொண்ணு பேயா அலையறான்னு ஆகும்" என்றார் அவர். "திருடன்னு பேர் வாங்கினவன் நாலு வருஷத்துல நல்லவனாயிடலாம். பேயின்னு பேர் வாங்கினவ என்ன பண்ணுவா? அவளுக்கு யார் இருக்கா, என்னை விட்டா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெர்னா டெல்பெர்ட்டைப் பார்த்தாள். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குழந்தையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

ஐரீன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "பாருங்க அண்ணே."

"வேண்டாம்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீங்களும் பார்க்கலை, லொரீனாவும் பார்க்கலை. பார்த்திருந்தா உங்களுக்கு ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும். உங்க வலையில வழி எந்தப் பக்கம்?"

"வலது."

"இதுல இடது. முதமுதல்ல மாட்டுக்குச் சூட்டுக்கோல் செய்யறவன் ஒரு தப்புப் பண்ணுவான். எழுத்தை நேரா அடிச்சிடுவான். மாட்டு முதுகுல அது திரும்பி விழும். முப்பது வருஷமா பார்த்திருக்கேன். நீங்க கல்லுல அச்சு செதுக்கறதும் அதேதானே? வேலை தெரிஞ்சவர் மாத்திச் செதுக்குவார். இதைச் செஞ்சவ பக்கத்துல அசலை வச்சுக்கிட்டு, கண்ணுல தெரிஞ்சதை அப்படியே செதுக்கியிருக்கா. அசல் மண்ணுக்குப் போறதுக்கு முன்னாடி செஞ்சது. உங்க முத்திரையை எடுத்து அடிச்சிருக்கா. குளிர்காலத்துல உங்க பட்டறையில அடுப்பு மூட்டினது யாரு?"

லொரீனா தறியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி ஊசி உடைஞ்சிருக்குன்னு கடைக்காரன் சொன்னான். உடையலை. ஊசி வைக்கவே இல்லை. ரெண்டு வளையம் இருக்கு, வார் கோக்க." ஐரீன் டெல்பெர்ட்டின் மார்பிலிருந்த தொட்டில் பலகையைக் காட்டினாள். "அந்த வாரு."

ஹாரிசன் கை நீட்டினார். வெள்ளி உள்ளங்கையில் விழுந்தது. கட்டைவிரலால் தடவினார், திருப்பினார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"வெள்ளி நல்லாக் காயறதுக்கு முன்னாடியே ஊத்திட்டா" என்றார். "இந்தக் கால் நுனி நிரம்பவே இல்லை. வளையம் பத்த வச்ச இடமும் மேடு மேடா நிக்குது." மறுபடி தடவினார். "எங்கிட்டக் கேட்டிருக்கலாமே. நான் சொல்லிக் குடுத்திருப்பேனே. கேட்டிருக்கலாமே."

பிறகு அவர் அழுதார். ஏப்ரலில் இருந்து அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. வெர்னாவும் அழுதாள், அவளுக்கு அழ யார் அனுமதியும் தேவையில்லை.

"முதல் சிரிப்புக்கு வச்சிருந்திருப்பா" என்றாள் லொரீனா, மூச்சு விடும் சத்தத்தில். குழந்தை முதல் தடவை வாய்விட்டுச் சிரிக்கிற நாளில்தான் அது முழுசாக நம்மோடு இருக்கச் சம்மதித்தது என்று கணக்கு. சிரிக்க வைத்தவர் விருந்து கொடுக்க வேண்டும். குழந்தை கையால் வந்தவர் எல்லோருக்கும் உப்பு கொடுக்க வேண்டும். "உப்புகூட அவளே போய்க் கொண்டு வந்தா. சூனி உப்பு ஏரியிலிருந்து. அதை நான் தொடவே இல்லை, அவளோடதுன்னு. பிள்ளையும் இன்னும் சிரிக்கலை. அம்மா இல்லாத பிள்ளை எப்படிச் சிரிக்கும்?"

அன்று டெல்பெர்ட் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"சிரிச்சுட்டா" என்றான்.

லொரீனா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். "எப்போ?"

"போன மாசம்."

"ஏன் சொல்லலை?"

"யார்கிட்ட வந்து சொல்றது?"

ஐரீன்தான் கேட்டாள், "என்ன பண்ணினே சிரிக்கறதுக்கு?"

"ஒண்ணும் பண்ணலை. அழுதுக்கிட்டு இருந்தேன். மூக்கை உறிஞ்சினேன், பெருசா சத்தம் வந்துருச்சு. அதுக்குச் சிரிச்சா." அவன் குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "திரும்ப உறிஞ்சினேன். திரும்பச் சிரிச்சா."

லொரீனா சமையலறைக்குப் போனாள். அலமாரியில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு துணி முடிச்சோடு வந்தாள். இத்தனை மாதம் தொடப் பயந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். டெல்பெர்ட்டின் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

ஹாரிசன் சிலந்தியைத் தொட்டில் வாரில் கோத்துக் கட்டினார். வழி அடைபடாமல் பார்த்துக் கட்டினார். லொரீனா குழந்தையின் கையை வாரிலிருந்து விடுவித்து, உள்ளங்கையில் உப்புக் கல்லை வைத்தாள்.

"உனக்குத்தான் முதல்ல" என்றாள் மருமகனிடம்.

அவன் தலையாட்டி மறுத்தான். "மாமாவுக்குக் குடுங்க."

ஹாரிசன் வலிக்கும் காலை மடக்கித் தரையில் மண்டியிட்டார். குழந்தையின் கைக்குக் கீழே தன் கையை ஏந்தினார். அது உடனே கொடுத்துவிடவில்லை; கையை இறுக்க மூடிக்கொண்டு அவரையே பார்த்தது. அவர் காத்திருந்தார்.